சார்ஜ் போட்டால் காணாமல் போகும் கேர்சர்: புறக்கோட்டைக் கடையொன்றின் நிகழ்வு ஆய்வு

இடம் கொழும்பு புறக்கோட்டை, கெய்சர் வீதியை ஒட்டிய ஒரு துணி மொத்த வியாபாரக் கடையின் மேல்மாடி. அங்கே கணக்கு வேலைக்கு இருந்தது தொடுதிரை உள்ள 15.6 அங்குல மடிக்கணினி. அலுமினிய உடல், 65 வாட் சார்ஜர், யூ.எஸ்.பி. வயர் மவுஸ். எக்செலில் பில் விவரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே கேர்சர், அதாவது மவுஸ் அம்பு, காணாமல் போகும். சில வேளை மவுஸை லேசாக அசைத்தாலே வந்துவிடும். சில வேளை வந்தவுடனேயே மறுபடி போய்விடும். கணக்குப் பார்க்கும் பெண் திருத்துநரிடம் சொன்ன முறைப்பாடு இது: "அண்ணா, அம்பு இருந்த இடத்திலயே இல்லாமப் போகுது. பிறகு பார்த்தா வேற எங்கயோ போய் நிக்குது."

இந்த இரண்டாவது வசனத்தில்தான் முழு விடயமும் இருந்தது. ஆனால் வேலைச் சீட்டில் எழுதப்பட்டதோ "மவுஸ் பிழை" என்ற இரண்டு சொற்கள் மட்டும்.

கேர்சர் தெரியாமல் போவது பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதற்குள் நான்கு வேறுபட்ட கோளாறுகள் உண்டு. அம்பு இருக்கிறது, திரையில் வரையப்படவில்லை என்பது ஒன்று. மவுஸோ டச்பேடோ வேலை செய்யவே இல்லை என்பது இன்னொன்று. அம்பு வேறொரு திரைக்குப் போய்விட்டது என்பது மூன்றாவது. விண்டோஸே வேண்டுமென்று அம்பை மறைத்துவிட்டது என்பது நான்காவது. இதில் எது என்று பிரித்தறியாமல் கையில் கிடைத்ததை மாற்றத் தொடங்கினால் காசும் நாளும் போகும், கோளாறு இருந்த இடத்தில் இருக்கும். இந்தக் கடைக்கு நடந்தது அதுதான்.

அதுவரை செய்யப்பட்டவை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால் கடையில் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். அதன் பிறகுதான் கேர்சர் போகத் தொடங்கியது. ஆகவே பழி முழுவதும் விண்டோஸ் 11 மேல் விழுந்தது. முதலில் மவுஸ் மாற்றப்பட்டது. பிறகு கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) பழைய பதிப்புக்குத் திருப்பப்பட்டது. அதுவும் சரிவராததால் டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டது. இத்தனைக்கும் பிறகு கோளாறு அப்படியே இருந்ததால் "டிஸ்ப்ளே பனல் மாற்ற வேண்டும்" என்று முடிவு சொல்லப்பட்டது.

டிஸ்க்கைத் துடைத்ததில் ஒரு கூடுதல் இழப்பு. கணினியில் நடந்தவற்றைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் இருந்த பழைய பதிவுகள் எல்லாம் போய்விட்டன. டிரைவர் இடையில் விழுந்து எழுந்ததா, யூ.எஸ்.பி. சாதனம் துண்டிக்கப்பட்டதா என்று பார்க்க அந்தப் பதிவுகள்தான் முதல் சாட்சி. விண்டோஸை மறுபடி போடுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நம் ஊரில் அது முதல் வேலையாகிவிட்டது, ஏனென்றால் அதற்கு யோசனை தேவையில்லை.

இன்னொன்றையும் யாரும் கேட்கவில்லை. விண்டோஸ் மாறிய அதே வாரத்தில் கணக்கு மேசையும் கீழ்த்தளத்திலிருந்து மேல்மாடிக்கு மாறியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்க, கண்ணில் பட்டது ஒன்றுதான்.

முதல் பிரிப்பு: அம்பு இருக்கிறதா, இல்லையா

அம்பு காணாமல் போன நேரத்தில் மவுஸை டாஸ்க்பார் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஐகன்கள் ஒவ்வொன்றாக வெளிறி மீண்டால் கணினிக்கு மவுஸ் இருக்கும் இடம் தெரிகிறது, வரைவதில்தான் கோளாறு. எதுவும் அசையாவிட்டால் மவுஸிலிருந்து தகவலே வரவில்லை.

வரைதல் கோளாறு ஏன் வருகிறது என்பதற்கு ஒரு விளக்கம் தேவை. கேர்சர் மற்றப் படங்களோடு சேர்த்து வரையப்படுவதில்லை. கிராஃபிக்ஸ் சிப் அதைத் தனி அடுக்காக மேலே வைத்துக் காட்டுகிறது. பிரின்ட் ஸ்க்ரீன் எடுத்தால் படத்தில் அம்பு இல்லாமல் இருப்பது இதனால்தான். டிரைவர் குழம்பினால் மற்ற எல்லாம் ஒழுங்காகத் தெரிய, இந்த அடுக்கு மட்டும் காணாமல் போகலாம். அப்போது விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் திரை ஒருமுறை இருண்டு மீளும், கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அம்பு வந்துவிட்டால் குற்றவாளி டிரைவர்தான். நிலையான தீர்வு மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதே மொடலுக்கான டிரைவரைப் போடுவது. அது கிடைக்கும் வரை மவுஸ் பண்புகளில் பொயின்டர் ஒப்ஷன்ஸ் பக்கத்தில் பொயின்டர் டிரெய்ல்ஸ் என்பதை ஆகக் குறைந்த அளவில் போட்டு வைக்கலாம். வால் தெரியும்படி வைத்தால் விண்டோஸ் அந்தத் தனி அடுக்கை நம்பாமல் தானே அம்பை வரையும்.

இந்தக் கடையில் அது எதுவும் இல்லை. மவுஸை அசைத்த கணமே அம்பு வந்தது. வரைதலில் கோளாறு என்றால் அசைத்தாலும் வந்திருக்காது. மவுஸில் கோளாறு என்றால் அசைவே பதிவாகியிருக்காது. அம்பு போகிறது, அசைத்தால் வருகிறது, ஆனால் போன இடத்தில் வராமல் வேறிடத்தில் வருகிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரே பொருள்தான்: திரையை யாரோ தொடுகிறார்கள் என்று விண்டோஸ் நினைக்கிறது.

தொடுதிரையில் விரல் பட்டதும் விண்டோஸ் அம்பை மறைத்துவிடும். விரலால் வேலை செய்பவருக்கு அம்பு தேவையில்லை என்பது அதன் கணக்கு. மவுஸ் அசைந்தால் திரும்பக் காட்டும், ஆனால் கடைசியாகத் தொட்ட இடத்திலிருந்து. ஆக, அந்தப் பெண் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி.

மேசையருகே நின்று பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அளவு நிரலில் 24 என்று அடித்துக்கொண்டிருந்தபோது, 2 அடித்த பிறகு தெரிவு அடுத்த நிரலுக்குத் தாவியது. 4 போய் விலைக் கட்டத்தில் விழுந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த விலை அழிந்து 4 மட்டும் மிஞ்சியது. கேர்சர் தெரியாதது எரிச்சல்தான், ஆனால் கணக்கில் பிழையான எண் ஏறுவது பெரிய சேதம். அந்த வாரங்களின் பில்கள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கும்படி கடைக்காரரிடம் சொல்ல வேண்டியிருந்தது. தொடுதிரைக் கணினியில் கேர்சர் இப்படிப் போய்வந்தால் முதலில் செய்ய வேண்டியது கோப்புகளைச் சேமித்து மூடுவது. திருத்தமெல்லாம் அதற்குப் பிறகு.

பேய்த்தொடுகையைக் கண்ணால் பார்ப்பது

யாரும் தொடாமலே பதிவாகும் பேய்த்தொடுகை என்ற சந்தேகத்தை உறுதிசெய்ய விண்டோஸ் 11இலேயே வழி இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, ஆக்ஸஸிபிலிட்டி, அதில் மவுஸ் பொயின்டர் அன்ட் டச். அங்கே டச் இன்டிகேட்டரைப் போட்டு, வட்டம் கருமையாகவும் பெரிதாகவும் தெரியும் தெரிவையும் போட வேண்டும். இனி திரையில் எங்கே தொடுகை பதிவானாலும் அங்கே கருவட்டம் வரும். பிறகு மவுஸையும் கீபோர்டையும் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு திரையை மட்டும் பார்க்க வேண்டும்.

இங்கே திரையின் கீழ் வலது ஓரத்தில் வட்டங்கள் வந்து வந்து போயின. சில வேளை ஒன்று, சில வேளை ஒரே செங்குத்துக் கோட்டில் இரண்டு மூன்று. யாருடைய விரலும் அருகில் இல்லை. ஒவ்வொரு வட்டத்தோடும் அம்பு மறைந்தது.

அடுத்து தொடுதிரையை அணைத்துப் பார்த்தல். அம்பு இல்லாதபோது கீபோர்டால் போக வேண்டும்: விண்டோஸ் விசையும் எக்ஸும் அழுத்தி, பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். டாப் விசையாலும் அம்பு விசைகளாலும் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் வரை இறங்கி, வலப்பக்க அம்பு விசையால் அதை விரித்து, எச்.ஐ.டி. கொம்ப்ளையன்ட் டச் ஸ்க்ரீன் என்ற வரியில் நிற்க வேண்டும். ஷிஃப்டும் எஃப்10உம் அழுத்தினால் பட்டியல் வரும், அதில் டிசேபிள் டிவைஸ். கவனம், அதே பட்டியலில் டச்பேடுக்கான வரியும் இருக்கும். மாறி அதை அணைத்தால் இருந்த வழியும் அடைபடும். தொடுதிரையை அணைத்ததும் கேர்சர் ஒருமுறைகூடப் போகவில்லை.

இந்த இடத்தில் பலர் வேலையை முடித்துவிடுவார்கள். கடையில் யாரும் திரையைத் தொட்டு வேலை செய்வதில்லை, அணைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். ஆனால் தொடுதிரை எதனால் பொய் சொல்கிறது என்பது இன்னும் தெரியவில்லை. பனலே பழுதா, வேறு எதுவுமா? பனலை மாற்றச் சொன்னவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் சொன்னார். அணைத்ததை மறுபடி போட்டுவிட்டு அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

அது மிக எளிது: சார்ஜரைக் கழற்றுவது. கழற்றியதும் வட்டங்கள் நின்றன. பட்டரியில் அரை மணி நேரம் ஓடவிட்டும் ஒன்றும் வரவில்லை. சார்ஜரைச் செருகிய சிறிது நேரத்தில் திரும்ப வந்தன. பனல் பழுதென்றால் பட்டரியிலும் வந்திருக்க வேண்டும். சந்தேகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

சார்ஜருக்குள் நடப்பது

தொடுதிரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அந்தக் கோடுகளின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) மிகச் சிறிதளவு மாறும். அந்த மாற்றத்தை அளந்துதான் தொட்ட இடத்தை கொன்ட்ரோலர் சிப் கண்டுபிடிக்கிறது. அளக்கப்படுவது பிக்கோஃபரட் கணக்கில் இருக்கும் மிகச் சின்ன அளவு. அருகில் மின் இரைச்சல் இருந்தால் அதையும் விரலென்று எண்ணிவிடும்.

மடிக்கணினிச் சார்ஜர் 230 வோல்ட்டை வேகமாக வெட்டி வெட்டிக் குறைக்கும் வகை. அதனால் எழும் இரைச்சலை அடக்க, மின்கம்பிப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் எர்த்துக்கும் இடையே வை வகைக் கொள்ளளவிகள் (மின்னேற்றத்தைத் தேக்கும் சிறு உறுப்புகள்) வைக்கப்படுகின்றன. எர்த் சரியாக இருந்தால் இரைச்சல் அந்த வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக இடமில்லாமல் மடிக்கணினியின் உடலிலேயே ஏறி நிற்கும். அலுமினிய உடலை விரலின் பின்புறத்தால் மெல்லத் தடவினால் சுரசுரவென்று நடுங்குவது போலத் தெரிவது இதனால்தான். கேட்டபோது அந்தப் பெண், "ஓம், சார்ஜ் போட்டா கை கூசும்" என்றார். அதைக் கேர்சரோடு சேர்த்துப் பார்க்க அவருக்குக் காரணமில்லை. திருத்துபவர்தான் கேட்டிருக்க வேண்டும்.

அளந்து பார்க்கக் கீழ்த்தளத்திலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் மாடிப்படி வழியே மேலே கொண்டுவரப்பட்டது. கீழ்த்தளச் சொக்கட்டில் எர்த் நன்றாக இருந்தது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எக்ஸ்டென்ஷனின் எர்த்திலும் மறுமுனையை மடிக்கணினியின் யூ.எஸ்.பி. வாயின் உலோக ஓரத்திலும் வைத்தபோது காட்டியது 96 வோல்ட். இது பயப்படும்படியான எண்ணாகத் தெரியும். ஆனால் அந்தக் கொள்ளளவிகள் வழியே பாயக்கூடிய மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு பங்குதான். உயிராபத்து இல்லை, கூச்சம் மட்டும். 230 வோல்ட்டின் பாதியை ஒட்டியே இந்த எண் வருவது வழக்கம், ஏனென்றால் கொள்ளளவிகள் இரண்டும் அதை ஏறக்குறையப் பாதியாகப் பிரிக்கின்றன, மீட்டரும் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது.

உண்மையான ஆபத்து வேறு. நாளை சார்ஜரின் உள்ளே காப்பு உடைந்து மின்கம்பி நேராக வெளியீட்டோடு சேர்ந்தால், எர்த் இருக்கும் கட்டடத்தில், மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். எர்த் இல்லாத இடத்தில் அது விழாது. யாராவது கையை வைத்து, அவருடைய உடல் வழியே மின் பாய்ந்த பிறகுதான் விழும். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதற்காகத்தான் இருக்கிறது என்றாலும், முதல் காவலாக மனித உடம்பை வைப்பது சரியல்ல.

பிளக்கைத் திறந்தபோது

மேல்மாடிச் சுவரில் இருந்தது பழைய 5 ஆம்பியர் வட்டத்துளைச் சொக்கட். மடிக்கணினியோடு வந்த சார்ஜர் வயரின் முனையில் இருந்தது 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக். அது இதில் போகாது. ஆகவே யாரோ அந்தப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனை வட்டப் பிளக் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள்.

திருகைக் கழற்றி மூடியைத் திறந்தால், மண்ணிற வயரும் நீல வயரும் இரு முனைகளிலும் ஒழுங்காக முறுக்கிப் பூட்டப்பட்டிருந்தன. பச்சை மஞ்சள் வயர் மட்டும் உறை முடியும் இடத்தில் வெட்டப்பட்டு, பின்னால் மடிக்கப்பட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. சுத்தமான வேலைதான். டேப் சுற்றியவர் கவனமான ஆள், ஆனால் அந்த வயர் எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய பிளக்கோடு அதற்குள் இருந்த ஃபியூஸும் போய்விட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. வட்டப் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது.

சரியான பிளக்கைப் பூட்டினால் போதுமா? சுவர்ச் சொக்கட்டையும் அளந்து பார்த்தபோது போதாது என்று தெரிந்தது. அதில் எர்த்துக்கான பெரிய துளை இருந்தது. ஆனால் மின் வரும் உயிர்முனைக்கும் அதற்கும் இடையே மீட்டர் நிலையில்லாமல் அலைந்தது. எர்த் நன்றாக இருந்தால் அங்கே 230ஐ ஒட்டிய எண் அசையாமல் நிற்க வேண்டும், மின் திரும்பும் நடுநிலை முனைக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டொரு வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. மேல்மாடிக்கு வந்த பழைய இணைப்பில் இரண்டு வயர்தான் வந்திருந்தது. துளை இருந்தது, அதற்குப் பின்னால் வயரே இல்லை.

கொழும்பின் பழைய கட்டடங்களில் இது அரிதல்ல. முகப்பை மட்டும் மாற்றிப் புதிய 13 ஆம்பியர் சொக்கட்டைப் பூட்டிவிட்டால் பார்வைக்கு எல்லாம் சரியாகிவிடும், எர்த் மட்டும் வராது. வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. இரண்டு முனைப் பிளக்கை 13 ஆம்பியர் சொக்கட்டில் போட, மேல் துளையில் பேனாவால் குத்தி உள்மூடியைத் திறந்து செருகுவது. முனை வட்டம், வாய் சதுரம், ஆகவே பிடி தளர்வாக இருந்து சூடேறும். எர்த்தும் இல்லை, ஃபியூஸும் இல்லை.

ஈரம் செய்த வேலை

எர்த் இல்லாத சார்ஜர் போட்ட எல்லாத் தொடுதிரைகளும் பேயாட்டம் ஆடுவதில்லை. இங்கே ஏன் இவ்வளவு கடுமை என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டியிருந்தது. திரைமேல் ஒரு பாதுகாப்புப் படலம் ஒட்டப்பட்டிருந்தது. கீழ் வலது மூலையில் அது எழும்பி, இடுக்கில் ஈரமும் துணித்தூசும் சேர்ந்து ஒரு கோடு போலப் படிந்திருந்தது. வட்டங்கள் வந்ததும் அதே மூலையில்தான். கடலும் துறைமுகமும் பக்கத்தில், அறையில் ஏசி இல்லை, யன்னல் திறந்தே இருக்கும். உப்புக் கலந்த ஈரம் மின்னைக் கடத்தும். அந்த இடத்தில் கண்ணாடியின் கொள்ளளவம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்க, மேலே இரைச்சலும் சேர்ந்ததும் கொன்ட்ரோலரின் எல்லையைத் தாண்டிவிட்டது.

இதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நான்கு நிலைகளும் ஓடவிடப்பட்டன, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், டச் இன்டிகேட்டர் போட்டபடி. படலம் இருக்க, எர்த் இல்லாமல்: வட்டங்கள் ஓயாமல். படலம் இருக்க, கீழ்த்தள எக்ஸ்டென்ஷனில் சரியான மூன்று முனை வயரோடு: ஒன்றும் இல்லை. படலத்தை உரித்துக் கண்ணாடியைத் துடைத்த பின், எர்த் இல்லாமல்: எப்போதாவது, அதுவும் கை திரையை நெருங்கும்போது. படலமும் இல்லை, எர்த்தும் உண்டு: ஒன்றும் இல்லை. எர்த் இல்லாமை முதற்காரணம், ஈரப்படலம் அதைப் பெருக்கியது. படலத்தை மட்டும் உரித்துவிட்டு அனுப்பியிருந்தால் குறைந்ததே என்று எல்லோரும் திருப்திப்பட்டிருப்பார்கள், மழைக்காலத்தில் திரும்ப வந்திருக்கும்.

திருத்தம்

சார்ஜர் வயரைப் பழுதுபார்க்கவில்லை, முழுதாக மாற்றினோம். சார்ஜர்ப் பெட்டியில் செருகும் பக்கம் மூன்று இதழ் போன்ற வாய் உள்ள சி5 வயர், மறுமுனையில் வார்த்தெடுத்த 13 ஆம்பியர் பிளக், உள்ளே 3 ஆம்பியர் ஃபியூஸ். இது முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும் பொருள். வாங்கும்போது கடையிலேயே மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து, பிளக்கின் நீண்ட மேல்முனைக்கும் சி5 வாயின் தனித்து நிற்கும் துளைக்கும் இடையே ஒலி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மிக மலிவான சில வயர்களில் முனை மட்டும் இருக்கும், உள்ளே எர்த் வயர் ஓடாது.

சுவர் வேலை வயரிங் பாஸிடம் (மின்வேலை செய்பவரிடம்) விடப்பட்டது. அதை மடிக்கணினி திருத்துபவர் தொடக்கூடாது. கீழ்த்தள போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் எர்த்தோடு புதிய இணைப்பு இழுக்கப்பட்டு, ட்ரிப் சுவிட்ச்சின் காவலுக்குள், மேசையருகே 13 ஆம்பியர் இரட்டைச் சொக்கட் பூட்டப்பட்டது. பழைய 5 ஆம்பியர் இணைப்பு மின்விசிறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. புதிய சொக்கட்டில் அளந்தபோது உயிர்முனை எர்த் இடையே 231 வோல்ட், நடுநிலை எர்த் இடையே ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. மடிக்கணினி உடலில் இருந்த 96 வோல்ட் ஏறக்குறையப் பூச்சியமானது. கை கூசவும் இல்லை.

கண்ணாடியைத் துடைக்கும்போது கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மைக்ரோஃபைபர் துணியில் சில துளி காய்ச்சி வடித்த நீர் விட்டுத் துடைக்க வேண்டும். திரைமேல் நேராகத் தெளித்தால் கீழ் ஓரத்தால் உள்ளே இறங்கி புதுக் கோளாறை உண்டாக்கும். முன்னர் யாரோ தொடுதிரையை அளவுத்திருத்தமும் செய்திருந்தார்கள். கொன்ட்ரோல் பனலில் டாப்லட் பி.சி. செட்டிங்ஸ் சென்று ரீசெட் கொடுத்து அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். புதிய படலம் ஒட்டவில்லை.

விண்டோஸ் தன் உள் அமைப்புகளை வைத்திருக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) கேர்சர் மறைப்பையே நிறுத்திவிடும் ஒரு மதிப்பு உண்டு. சிலர் அதை மாற்றச் சொல்வார்கள். இங்கே அதைத் தொடவில்லை. அம்பு தெரிந்துகொண்டே இருக்கும், பேய்த்தொடுகை மட்டும் பின்னால் தொடர்ந்து விலைக் கட்டத்தில் எண்களை மாற்றிக்கொண்டிருக்கும்.

இதே முறைப்பாடு, வேறு காரணங்கள்

தொடுதிரை இல்லாத கணினியென்றால் மேலே சொன்ன வழி பொருந்தாது. ஆனால் எர்த் இல்லாத சார்ஜரால் டச்பேட் தடுமாறி அம்பு தாவுவது அங்கும் உண்டு. பட்டரியில் ஓட்டிப் பார்க்கும் சோதனை இரண்டுக்கும் பொது.

மேசைக்கணினியில் மவுஸ் வயரைப் பிடுங்கினாலே அம்பு மறைந்துவிடும். சுட்டும் சாதனம் எதுவும் இல்லையென்றால் விண்டோஸ் அம்பைக் காட்டாது. ஆகவே தளர்ந்த யூ.எஸ்.பி. வாயும் கேர்சர் கோளாறு போலவே தோன்றும். வேறு வாயில் செருகிப் பார்க்க வேண்டும். மவுஸ் இல்லாமல் தொலைவிலிருந்து இயக்கும் கணினியில் அம்பு தெரிய, இடது ஓல்ட், இடது ஷிஃப்ட், நம் லொக் மூன்றையும் அழுத்தி மவுஸ் கீஸைப் போடலாம்.

தொலைக்காட்சிக்கு எச்.டி.எம்.ஐ. வயர் போட்டிருந்தால், தொலைக்காட்சி அணைந்திருந்தாலும் கணினி அதை இரண்டாம் திரையாக எண்ணக்கூடும். அந்த வயரில் 5 வோல்ட்டைக் கணினியே கொடுக்கிறது, அணைந்த தொலைக்காட்சியும் அதை வைத்துத் தன்னை அடையாளம் காட்டிவிடும். அம்பு ஒரு பக்க ஓரத்தால் வெளியேறி அங்கே போய் நிற்கும். விண்டோஸ், பி (P) விசைகளை அழுத்தி பி.சி. ஸ்க்ரீன் ஒன்லி தெரிவுசெய்தால் திரும்பும்.

தட்டச்சு செய்யும்போது மட்டும் மறைந்தால் அது கோளாறே அல்ல, பொயின்டர் ஒப்ஷன்ஸில் தட்டச்சின்போது மறைக்கும் தெரிவு போட்டிருக்கிறது. மடிக்கணினியில் டச்பேட் முற்றாக நின்றுவிட்டால் மேல்வரிசை விசைகளில் டச்பேட் படம் உள்ளதை எஃப்.என்.னோடு அழுத்திப் பார்க்க வேண்டும். கைதவறி அழுத்துவது மிகச் சாதாரணம்.

2022இன் 13 மணி நேர மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வேர்ட்டர்கள் இன்னும் பல கடைகளில் இருக்கின்றன. அவற்றில் மலிவானவை தரும் மின் சீரான அலையாக இராமல் படி படியாக இருக்கும். சார்ஜரின் இரைச்சல் அதில் கூடும், எர்த்தும் பெரும்பாலும் இணைக்கப்பட்டிருக்காது. கரண்ட் போன நேரத்தில் மட்டும் கேர்சர் மறைகிறது என்று யாராவது சொன்னால் இன்வேர்ட்டரைப் பார்க்க வேண்டும், கணினியை அல்ல.

எர்த் சரியாக இருந்து, கண்ணாடி சுத்தமாக இருந்து, பட்டரியிலும் வட்டங்கள் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால் அப்போதுதான் பனல்மேல் சந்தேகப்படலாம். அதிலும் முதலில் மூடியைத் திறக்கும் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். கோணத்தோடு வட்டங்களும் மாறினால் பிணைச்சல் வழியே வரும் தொடுதிரை வயர் நைந்திருக்கிறது. பனலை விட அது மிகவும் மலிவு. கோணம் மாறியும் மாற்றமில்லையென்றால் பனல்தான். தொட்டு வேலை செய்யாதவர் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. டிவைஸ் மேனேஜரில் தொடுதிரையை அணைத்தே விடலாம். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அது தானாகத் திரும்ப இயங்கக்கூடும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.